வாசலைப் பார்த்த நாற்காலி

ஆலைச் சங்கு ஊதி ஓய்ந்த சற்று நேரத்தில் மூன்றாம் மாடித் தாழ்வாரம் முழுக்க எண்ணெய் காயும் வாசனை எழும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு நிலக்கரி அடுப்பு. ஒவ்வோர் அடுப்பின் முன்னாலும் ஏப்ரன் கட்டிய ஓர் ஆண். செங்டு நகரின் கிழக்குப் பக்கத்துத் தொழிற்சாலைக் குடியிருப்புகளில் இதை யாரும் நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. பெண்டாட்டி சொல் கேட்கிறவனை அந்த ஊரில் வெந்த காதுக்காரன் என்பார்கள். காது வெந்து குழைந்துவிட்டதாம், எந்தப் பக்கம் இழுத்தாலும் வருமாம். வெளியூரில் அது வசவு. செங்டு ஆண்கள் அதைக் கேட்டு முறைப்பார்கள், பிறகு யார் காது அதிகம் வெந்தது என்று தங்களுக்குள் போட்டி போடுவார்கள்.

பாவ்தியன் செங்டுக்காரன் இல்லை. வடக்கே ஷான்டோங்கில் பிறந்தவன். ஃபிட்டர் வேலைக்கு இந்த ஊருக்கு வந்து, கிரேன் ஓட்டும் தைரோங்கைக் கட்டிக்கொண்டு, அதன் பிறகு காது வெந்தவன். தைரோங் கல்யாணமான புதிதில் ஒருமுறை கஞ்சி வைத்தாள். அதைக் குடித்த நாளிலிருந்து அவன் கரண்டியை அவளிடம் கொடுக்கவில்லை. துணி துவைப்பதும் அவன்தான், குளிர்காலத்துக்கு ஸ்வெட்டர் பின்னுவதும் அவன்தான். நிலக்கரிக் கட்டிகளைக் காவடி போட்டு மூன்று மாடி ஏற்றுவது தைரோங். ஃபியூஸ் போனால் போடுவது அவள், ஒழுகும் குழாயைப் பிரித்து மாட்டுவது அவள், வரிசையில் நின்று சண்டை போட்டு இறைச்சி வாங்கி வருவதும் அவள். யாரும் உட்கார்ந்து பேசிப் பிரித்ததல்ல. யாருக்கு எது வந்ததோ அதை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இது எதுவும் ஷான்டோங்கில் இருந்த அவன் அப்பாவுக்குத் தெரியாது. மருமகள் நன்றாகச் சமைக்கிறாள் என்றுதான் அவன் ஊருக்கு எழுதியிருந்தான். தைரோங்கின் தொழிற்சாலை அவளுக்கு ஒதுக்கிய வீட்டைத் தனக்குக் கிடைத்த வீடு என்றும் எழுதியிருந்தான். பொய் தூரத்தில் இருக்கும்வரை யாருக்கும் உபத்திரவம் இல்லை. இப்போது அப்பா ரயில் ஏறிவிட்டதாகத் தந்தி வந்துவிட்டது.

தனியாக வரவில்லை. சொந்த ஊர் இயந்திரத் தொழிற்சாலையின் துணை இயக்குநர் கெங்கையும் கூட்டிக்கொண்டு வருகிறார். கெங் ஏதோ உதிரி பாகம் வாங்கச் செங்டு வருகிறார். அப்படியே பாவ்தியன் வீட்டில் ஒரு விருந்து சாப்பிட்டு, ஆளைப் பார்த்து, பிடித்திருந்தால் வசந்த காலத்தில் தன் தொழிற்சாலைக்கு மாற்றிக்கொள்வார். அப்பா இதற்காக எத்தனையோ பேர் வாசலில் நின்றிருக்கிறார். மகன் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

தைரோங் தந்தியை மடித்து மேசையில் வைத்தாள்.

"உங்க ஊர் ஆலையில பொம்பளைய கிரேன்ல ஏத்துவாங்களா?"

பாவ்தியன் உள்ளங்கையில் மாவை உருட்டிக்கொண்டிருந்தான். "கேன்டீன்ல ஏதாவது கெடைக்கும்."

"கேன்டீன்ல. நான். கஞ்சி வைக்கத் தெரியாதவ."

"காய் நறுக்கலாம்."

கல்யாணத்துக்குப் பிறகு ஒரே ஒருமுறை அவன் ஊருக்குப் போயிருந்தாள். ஆண்கள் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பெண்கள் அடுப்படியில் நின்றார்கள். மேசையிலிருந்து திரும்பி வந்த தட்டுகளில் மிச்சம் இருந்ததை, குழந்தைகளுக்குப் போக, நின்றபடியே தின்றார்கள். மீனின் முள்ளும் வாலும் அவள் பங்குக்கு வந்தன. யாரும் அவளைத் திட்டவில்லை, யாரும் கொடுமை செய்யவில்லை. எல்லாரும் அன்பாகத்தான் இருந்தார்கள். அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. அங்கே போய்ச் சேர்ந்தால் மீதி ஆயுள் முழுவதும் அந்த அன்போடு நின்றுகொண்டே சாப்பிட வேண்டும்.

"நீ போகணுமா?" என்று கேட்டாள்.

"எனக்கு ஆசையில்ல."

"அப்ப மாட்டேன்னு சொல்லு."

"அப்பாகிட்டயா?" மாவு உருண்டை அவன் கையில் நசுங்கியது. "அவர்கிட்ட நான் மாட்டேன்னு சொன்னதே இல்ல, தைரோங். அந்த வார்த்தை வாயில வராது."

"வரவை. நான் ஒண்ணு செய்யறேன். ஒரு ராத்திரி விருந்துக்கு நான் சமைக்கிறவளா நடிக்கிறேன். நீ சமைச்சு வெச்சதை நான் செஞ்ச மாதிரி தூக்கிட்டு வரேன், குனிஞ்சு நிக்கிறேன், வாயை மூடிக்கிட்டு இருக்கேன். உன் மானம் உங்கிட்டயே இருக்கட்டும். அதுக்குப் பதிலா, மாட்டேன்னு சொல்றதை நீதான் சொல்லணும். உன் வாயால."

அவன் தலையாட்டினான். வேகமாக ஆட்டினான். அந்த வேகம் தைரோங்குக்குப் பிடிக்கவில்லை.

விருந்தன்று தாழ்வாரமே கூத்துமேடையானது. பாவ்தியன் ஒருவன் மட்டும் மறைந்தால் போதாது, மற்ற அடுப்புகளில் ஆண்கள் நின்றால் அப்பா சந்தேகப்படுவார் என்று பக்கத்து வீட்டுக்காரன் யோசனை சொன்னான். தான் என்பது அவன் பெயர், லாரி ஓட்டுபவன், பருத்த ஆள், தாழ்வாரத்திலேயே நல்ல சமையல்காரன். ஆகவே அன்று எல்லா ஆண்களும் வீட்டுக்குள் போய்க் கதவிடுக்கில் நின்றார்கள். பெண்கள் அடுப்புகளின் முன்னால் நிறுத்தப்பட்டார்கள். பாதிப் பேருக்குக் கரண்டி எந்தக் கையில் பிடிப்பது என்றே தெரியவில்லை.

தானின் மனைவி ஹுவாயிங் தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவள். காய்ந்த மிளகாயை அவள் புகையும் எண்ணெயில் மொத்தமாகக் கொட்டினாள். தாழ்வாரம் முழுக்க இருமியது.

"ஏண்டி, இறக்குடி, கருகுது," என்று கதவுக்குப் பின்னாலிருந்து அவள் புருஷன் கிசுகிசுத்தான்.

"எதை இறக்க? சட்டியையா, அடுப்பையா?"

"சட்டியை. கைப்பிடியில துணி சுத்திக்கோ. ஐயோ, அது என் சட்டைடி."

"இவ்வளவு நாளா இந்தப் புகையிலயா நின்ன நீ?" என்றாள் ஹுவாயிங் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "சொல்லியிருந்தா ஒரு நாளாச்சும் பாவம்னு நெனச்சிருப்பேனே."

"வாயை மூடு, படியேறுறாங்க."

அப்பா முதலில் வந்தார். ஒல்லியான, நிமிர்ந்த ஆள். ஊரிலிருந்து கொண்டுவந்த ஆளுயர வெங்காயத்தாள் கட்டு ஒன்று தோளில் துப்பாக்கிபோல் சாய்ந்திருந்தது. அவர் பின்னால் துணை இயக்குநர் கெங். அகலமான முகம், சத்தம் வராத நடை. இருவரும் தாழ்வாரத்தைக் கடக்கும்போது பெண்கள் கண்ணீர் வழிய ஆளுக்கொரு கரண்டியைச் சுழற்றினார்கள்.

"பரவால்லையே," என்றார் அப்பா. "தெற்கத்திப் பொம்பளைங்களைப் பத்தி என்னென்னவோ சொன்னாங்க. எல்லாம் அடுப்புலதான் இருக்காங்க."

கெங் ஹுவாயிங்கின் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

வீடு ஒரே அறை. நடுவில் மடக்கு மேசை, நான்கு நாற்காலிகள். வாசல் கதவைத் திறந்து வைத்து ஒரு திரை தொங்கவிட்டிருந்தார்கள். பாவ்தியன் அப்பாவை வாசலைப் பார்த்த நாற்காலியில் உட்காரச் சொன்னான். அவர் கையை உயர்த்தி மறுத்தார்.

"அது வீட்டுக்காரன் நாற்காலிடா. யார் கூரையோ அவன்தான் அதுல உக்காரணும். நான் கெங்கோட வந்த விருந்தாளி." அவர் கெங்கை அந்த நாற்காலியின் வலப்பக்கம் உட்காரவைத்துவிட்டு இடப்பக்கம் அவர் உட்கார்ந்தார். நான்காவது நாற்காலியைச் சுவரோரமாகத் தள்ளி அதன்மேல் வெங்காயத்தாள் கட்டைச் சாத்தினார்.

தைரோங் அதைப் பார்த்தாள். வெங்காயத்துக்கு இடம் இருந்தது.

அவள் தட்டுகளைக் கொண்டுவந்தாள். தோலோடு வெந்த பன்றி இறைச்சி, ஆவியில் வைத்த மீன், வெள்ளரிக்காய், ஷான்டோங் பாணியில் உப்பிய ஆவி ரொட்டி. எல்லாம் பாவ்தியன் மதியமே ஆக்கி முடித்துச் சூடாக வைத்திருந்தவை. அவள் மீனின் தலையைக் கெங்குக்கு எதிரே திருப்பி வைத்தாள். முக்கிய விருந்தாளியைத்தான் மீன் பார்க்க வேண்டும், அதுவும் பாவ்தியன் சொல்லிக்கொடுத்ததுதான். பிறகு திரையோரம் போய் நின்றாள். கிரேன் கூண்டில் அவள் ஒரு ஷிஃப்ட் முழுக்க உட்கார்ந்தே இருப்பவள். கீழே ஆண்கள் அண்ணாந்து பார்த்துக் கையசைப்பார்கள், அவள் கை காட்டும் இடத்தில் இரும்பு இறங்கும். சுவரில் சாய்ந்து நிற்பது அவளுக்குப் பழக்கமில்லை. முதுகு வலித்தது.

ஷான்டோங் மேசையில் கண்டபடி குடிக்க முடியாது. வீட்டுக்காரன் குவளையைத் தூக்கி ஒரு வார்த்தை சொல்வான். அந்த வார்த்தைக்காக எல்லாரும் குடிப்பார்கள். குடித்துவிட்டால் அந்த வார்த்தையை ஒத்துக்கொண்டதாக அர்த்தம். வீட்டுக்காரன் தூக்குவதற்கு முன் வேறொருவன் தூக்கினால், தூக்கியவனின் வளர்ப்பு சரியில்லை என்பார்கள். பாவ்தியன் முதல் குவளையை இயக்குநரின் வரவுக்காகத் தூக்கினான். இரண்டாவதை அப்பாவின் உடல் நலத்துக்காக. சோளச் சாராயம் மூவர் தொண்டையிலும் நெருப்பாக இறங்கியது.

"ரொட்டி பிரமாதம்," என்றார் அப்பா. "மருமகளே, உனக்கு நம்ம ஊர்க் கை வந்திருச்சு."

"சந்தோஷம் மாமா," என்றாள் தைரோங். பாவ்தியன் தட்டைப் பார்த்தான்.

கெங் ஒரு துண்டு மீனை மென்று முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். "தம்பி, உங்க அப்பா எல்லாம் சொன்னாரு. வேலை தெரிஞ்ச ஃபிட்டர் எனக்கு வேணும். வசந்தத்துல வந்துடுறியா?"

அறையில் மெல்லும் சத்தம் நின்றது. தைரோங் திரையோரத்திலிருந்து கணவனின் முகத்தைப் பார்த்தாள். சொல்லு என்று மனசுக்குள் சொன்னாள். ஒரே வார்த்தை.

பாவ்தியனின் காதுகள் சிவந்தன. வாய் திறந்தது.

"அப்பா சொன்னா சரிங்க," என்றான்.

கெங் தொடையில் தட்டினார். "முடிஞ்சுபோச்சு. மூணாவது குவளை இதுக்கு. தூக்கு தம்பி."

பாவ்தியனின் கை குவளைக்குப் போனது. அப்பா அதைப் பிடித்து நிறுத்தினார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"இரு, இரு. இதுக்கு வெறும் சாராயம் போதாது, இனிப்பு வேணும். நம்ம வீட்டு வழக்கம் என்ன? நல்ல காரியம்னா மருமக கையால பாகு இழுத்த கிழங்கு. மருமகளே, சர்க்கரைவள்ளி இருக்குல்ல? சூடா செஞ்சு கொண்டா. அது வந்ததும் மூணாவதைத் தூக்குவோம்."

கிழங்கைப் பொரித்து, உருகிய சர்க்கரையில் புரட்டி, இறக்கிய கையோடு மேசைக்குக் கொண்டுவர வேண்டிய பண்டம் அது. எடுத்தால் தலைமுடிபோல் இழை இழையாகப் பாகு வரும். பதம் ஒரு நொடி முந்தினால் ஒட்டாது, ஒரு நொடி பிந்தினால் கசக்கும். முன்கூட்டியே செய்து வைக்க முடியாது. தைரோங் செய்தால் சட்டியைத்தான் தூக்கிப் போட வேண்டியிருக்கும்.

பாவ்தியன் எழுந்துவிட்டான். "நிலக்கரி அணையுது போல. நான் மாத்திக் குடுத்துட்டு வந்துடுறேன் அப்பா."

"அதுக்கு அவ போதாதா?"

"கனமா இருக்கும்," என்றான் பாவ்தியன், தினமும் நிலக்கரி சுமக்கும் பெண்ணைக் கடந்து வெளியே போனபடி.

தைரோங் அவன் பின்னால் போனாள். திரை விழுந்தது. அவன் ஏற்கெனவே கிழங்கைச் சீவத் தொடங்கியிருந்தான். கத்தி பறந்தது.

"என்னய்யா சொன்ன உள்ள?"

"மெதுவா பேசு."

"மெதுவாத்தான் பேசுறேன். என்ன சொன்ன?"

"வாயில வரல, தைரோங். சத்தியமா வரல. அவர் மூஞ்சியைப் பாத்ததும் எனக்கு ஏழு வயசாயிடுது." கிழங்குத் துண்டுகள் எண்ணெயில் விழுந்து பொரிந்தன. அவன் கண் சட்டியை விட்டு அகலவில்லை. "அப்புறமா எழுதிப் போட்டுடலாம். முடியலன்னு."

"குடிச்சப்புறம் எழுதுவியா? உங்க ஊர்ல அது செல்லுமா?"

செல்லாது என்று இருவருக்கும் தெரியும்.

அவள் அவனை இன்னும் திட்டியிருப்பாள். ஆனால் அவன் கிழங்கைப் புரட்டிக்கொண்டே இருந்தான். அந்தப் பயத்திலும் கிழங்கு ஒரே நிறத்தில் பொன்னாகிக்கொண்டிருந்தது. கோழைதான். ஆனால் கெட்டவன் இல்லை. இந்த இரண்டையும் அவள் கல்யாணத்துக்கு முன்பே பார்த்துத்தான் கட்டிக்கொண்டாள்.

திரையின் ஓரத்தை விலக்கி உள்ளே பார்த்தாள். கெங் சாப்பாட்டுக் குச்சிகளைத் தட்டின்மேல் குறுக்காக வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மீன் ஆறிக்கொண்டிருந்தது.

"சாப்பிடுங்க, சாப்பிடுங்க," என்றார் அப்பா.

"வீட்டுக்காரன் இல்லாம எப்படி? வரட்டும்."

"வேணும்னா நான் அங்க உக்காந்துக்கிறேன்."

"நீங்களே சொன்னீங்களே, நாமெல்லாம் விருந்தாளின்னு. நாற்காலி காலியா இருக்கிற மேசையில நான் கை வைக்க மாட்டேன். என் அப்பா அப்படி வளக்கல."

தைரோங் திரையை விட்டாள். தன் ஏப்ரனை அவிழ்த்துப் பாவ்தியனின் இடுப்பில் சுற்றிக் கட்டினாள்.

"என்ன பண்ற?"

"உன் வேலையை நீ பாரு. என் வேலையை நான் பாக்கிறேன். பதம் தப்ப விடாதே."

கதவிடுக்கிலிருந்து தானின் தலை நீண்டது. "என்ன தங்கச்சி, நாடகம் மாறுதா?"

"நாடகம் முடிஞ்சுது, தான் அண்ணே."

அவள் உள்ளே போனாள். மேசையைச் சுற்றிக்கொண்டு, வாசலைப் பார்த்த நாற்காலியை இழுத்து, அதில் உட்கார்ந்தாள். முதுகை நன்றாகச் சாய்த்துக்கொண்டாள். விருந்து தொடங்கியதிலிருந்து ஏங்கிக் கிடந்த முதுகு.

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பார்த்தார். அவள் தவறிப்போய் உட்கார்ந்துவிட்டதாகவே நினைத்தார்.

"மருமகளே, அது வீட்டுக்காரன் இடம்."

"தெரியும் மாமா. வீட்டுக்காரி வந்திருக்கேன்."

"விளையாடாதேம்மா. போ, அடுப்பைப் பாரு."

"அடுப்பை உங்க பையன் பாத்துக்கிறாரு. இந்த வீட்டுல அடுப்பு எப்பவும் அவருதுதான்."

"யாருது?"

"நீங்க பிரமாதம்னு சொன்ன ரொட்டி அவர் கை. அந்தக் கறி, இந்த மீன், எல்லாம் அவருதான். எனக்குத் தூக்கிட்டு வர மட்டுந்தான் தெரியும்."

அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. "இருந்துட்டுப் போகட்டும். வீடு அவனோடது."

"வீடு என் ஆலை எனக்குக் குடுத்தது. கீழ காவல்காரர் இருக்காரு, எந்திரிச்சுப் போய்க் கேளுங்க. யார் கூரையோ அவங்க உக்காரணும்னு நீங்கதான் சொன்னீங்க. உங்க சொல்லை மீறக் கூடாதுன்னுதான் உக்காந்தேன்."

கெங் இதுவரை அசையவில்லை. இப்போது மெல்லத் தன் குச்சிகளைத் தட்டிலிருந்து எடுத்தார். மீனிலிருந்து ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மேசைக்கு வீட்டுக்காரர் வந்துவிட்டார், அவ்வளவுதான் அவருக்குக் கணக்கு.

"கெங்," என்றார் அப்பா, நம்ப முடியாமல்.

"மீன் ஆறுது," என்றார் கெங்.

தைரோங் சாராயத்தை ஊற்றினாள். முதலில் கெங்குக்கு, பிறகு மாமனாருக்கு, கடைசியில் தனக்கு, விளிம்பு தொட. இரும்புத் தூணைப் பக்கவாட்டில் ஆடாமல் இறக்கும் கை. ஒரு சொட்டுச் சிந்தவில்லை. குவளையைத் தூக்கினாள்.

"மூணாவது குவளை. இயக்குநர் ஐயா, நீங்க எங்களுக்காக இவ்வளவு தூரம் வந்தது பெரிய விஷயம். மாமா, நீங்க மகனுக்காக அலைஞ்சது அதைவிடப் பெரிய விஷயம். ரெண்டையும் நான் மறக்க மாட்டேன். ஆனா நாங்க இங்கதான் இருக்கப் போறோம். இந்தக் குவளை அதுக்கு."

அப்பா தன் குவளையைத் தொடவில்லை. "கீழ வை."

"தூக்கின குவளையைக் குடிக்காம கீழ வைக்கிறது உங்க ஊர் வழக்கமா மாமா? எனக்குத் தெரியாது, கேட்டுத் தெரிஞ்சுக்கிறேன்."

"என் பையன் சரின்னு சொல்லிட்டான். என் முன்னால, இவர் முன்னால சொன்னான். நீ உக்காந்துட்டா அது மாறிடுமா?"

அது நியாயமான கேள்வி. நாற்காலியை அவள் எடுத்துக்கொள்ளலாம். குவளையைத் தூக்கலாம். அவன் வாயிலிருந்து வர வேண்டியதை அவள் கொண்டுவர முடியாது. கெங்கும் குவளையைக் கையில் எடுத்தார், ஆனால் உதட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

"தங்கச்சி, நான் கூட்டிட்டுப் போறதா இருந்தது உங்களை இல்ல," என்றார். "அந்தத் தம்பி என்ன சொல்லுதுன்னு பாக்கணும்."

மூவரும் திரையைப் பார்த்தார்கள். வெளியே சட்டியில் கரண்டி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. வேகமாக, இடைவிடாமல். தைரோங்கின் கை நீட்டியபடியே இருந்தது. தோள் வலிக்கத் தொடங்கியது. வர மாட்டான் என்று நினைத்தாள். பாகைக் கருகவிட்டுவிட்டு, கருகிப்போச்சு, மறுபடி செய்யறேன் என்று வெளியிலேயே நிற்பான். ராத்திரி முழுக்க நிற்பான். அவனால் அது முடியும்.

கரண்டிச் சத்தம் நின்றது.

திரை ஒதுங்கியது. பாவ்தியன் ஒரு கையில் தட்டும் மறுகையில் ஒரு கிண்ணம் தண்ணீருமாக வந்தான். இடுப்பில் பூப்போட்ட ஏப்ரன், நெற்றியில் வியர்வை, கைகளில் எண்ணெய் தெறித்த சிவப்பு. தட்டில் கிழங்கு கண்ணாடிபோல் மின்னியது. பாகு சரியான பதத்தில் இருந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவன் ஒளிந்து நிற்க முடியாது. இறுகிவிடும்.

"சீக்கிரம் எடுங்க," என்றான். அது அடுப்படியில் அவன் பேசும் குரல். யாரையும் கேட்காத குரல். "பேசாம எடுங்க, இறுகிடும். கிண்ணத்துல தண்ணி இருக்கு, தோய்ச்சுச் சாப்பிடுங்க. அப்பா, உங்களைத்தான்."

கெங் பாய்ந்து எடுத்தார். அப்பாவின் கையும் தன்னை அறியாமல் நீண்டது. உலகத்தில் அவருக்கு அதைவிடப் பிடித்த பண்டம் இல்லை. குச்சியால் ஒரு துண்டைத் தூக்கினார். தட்டிலிருந்து வாய்வரை பொன்னிழைகள் நீண்டன, அறாமல் நீண்டுகொண்டே போயின. சூட்டில் அவர் வாயை மூடவும் முடியவில்லை, திறக்கவும் முடியவில்லை. முகவாயெல்லாம் இழை சுற்றிக்கொண்டது.

அந்த நேரத்தில் பாவ்தியன் சொன்னான்.

"அப்பா, நான் வரல."

அப்பாவின் கண் விரிந்தது. ஏதோ சொல்ல முயன்றார். பாகு விடவில்லை.

"அப்ப சொன்னது பயத்துல சொன்னது. இப்ப சொல்றதுதான் நெஜம். நான் வர மாட்டேன். இங்க இவ கிரேன் ஓட்டுறா, நான் சமைக்கிறேன். எனக்குப் பிடிச்சிருக்கு. ஊர்ல போய் உக்காந்து சாப்பிட எனக்கு ஆசையில்ல. இவளுக்குக் கஞ்சி கூட வைக்கத் தெரியாது, அங்க வந்து என்ன பண்ணுவா?"

"கஞ்சியை ஏன்யா இழுக்கிற?" என்றாள் தைரோங்.

"நெஜத்தைத்தானே சொல்றேன்."

"சொல்லிட்டல்ல, போதும்."

வெளியே யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார்கள். தாழ்வாரம் மொத்தமும் திரைக்கு அந்தப் பக்கம்தான் நின்றிருந்தது.

கெங் இரண்டாவது துண்டைத் தண்ணீரில் தோய்த்து, கடித்து, மெதுவாக மென்றார். "இந்தப் பதம் எங்க வீட்டுல ஒரு நாளும் வந்ததில்ல," என்றார். பிறகு தைரோங் பக்கம் திரும்பி, அவள் குவளைக்கு ஒரு விரல் தாழ்வாகத் தன் குவளையைக் கொண்டுவந்து தட்டினார். வீட்டுத் தலைவருக்குக் காட்டும் மரியாதை அது. "மனசில்லாத ஃபிட்டரை வெச்சுக்கிட்டு நான் என்ன செய்யப் போறேன்? நீங்க இங்கயே இருங்க." ஒரே மூச்சில் குடித்தார். குவளையைக் கவிழ்த்துக் காட்டினார்.

தைரோங் குடித்தாள். பாவ்தியன் நின்றபடியே அப்பாவின் குவளையைப் பார்த்தான். அது அப்படியே நிறைந்திருந்தது.

தாழ்வாரத்தில் கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது. கூத்து முடிந்துவிட்டதால் ஆண்கள் தங்கள் அடுப்புகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். "இந்தா உன் கரண்டி, என் கண்ணே போச்சு," என்று ஹுவாயிங் சொன்னாள். "சட்டியை என்னடி பண்ணி வெச்சிருக்க, இதைத் தேய்க்க மணல்தான் வேணும்," என்று அவள் புருஷன் புலம்பினான்.

தைரோங் எழுந்து, சுவரோர நாற்காலியிலிருந்து வெங்காயத்தாள் கட்டைத் தூக்கித் தரையில் வைத்தாள். நாற்காலியை மேசைக்கு இழுத்துப்போட்டாள். "உக்காரு, நீ இன்னும் ஒரு வாய் சாப்பிடல." பாவ்தியன் ஏப்ரனை அவிழ்க்காமல் உட்கார்ந்தான். அவள் மீனின் கன்னத்துச் சதையைப் பிய்த்து அவன் தட்டில் வைத்தாள்.

அப்பா வெகுநேரம் முகவாயில் ஒட்டிய இழைகளைப் பிய்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. கடைசியில் மருமகளிடம் சொன்னார்.

"ஊர்ல நீதான் சமைச்சேன்னு சொல்லுவேன்."

"சொல்லிக்கோங்க மாமா. நான் எங்க உக்காந்தேன்னும் சேத்துச் சொல்லுங்க."

"அதைச் சொல்ல மாட்டேன்."

"அப்ப புது வருஷத்துக்கு நாங்க வருவோம். அங்க வந்து நானே சொல்லிடுறேன்."

கெங் வாய்விட்டுச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை. கிழங்குத் தட்டைத் தன் பக்கமாக இழுத்து இன்னொரு துண்டை எடுத்தார். தின்றார். மகனின் எண்ணெய் தெறித்த கைகளை ஒருமுறை பார்த்தார். பிறகு முன்னால் நிறைந்திருந்த மூன்றாவது குவளையை எடுத்து, யாரையும் பார்க்காமல், கசப்பு மருந்துபோல ஒரே மடக்கில் விழுங்கினார்.

வெறும் குவளையைத் தைரோங்குக்கு முன்னால் தள்ளினார்.

"என்ன பாக்கிற? எங்க ஊர்ல விருந்தாளியை ஒத்தைப்படைக் குவளையோட எழுப்ப மாட்டாங்க," என்றார். "வீட்டுக்காரின்னு உக்காந்தேல்ல, நாலாவதை ஊத்து."

தைரோங் ஊற்றினாள்.